கும்பிட்ட சனமும் குழி வெட்டுன சனமும்

ராமநாதபுரக் கடற்கரையில் கிறித்தவம் வளர்ந்த கதையை யார் எழுதினாலும் சாமியார்களை வைத்துத்தான் எழுதுகிறார்கள். மண்டபத்துக்குப் பக்கம் வேதாளையில் 1549இல் கொல்லப்பட்ட அந்தோனி கிரிமினாலி. ஓரியூரில் 1693 பிப்ரவரி 4 அன்று தலை வெட்டப்பட்ட அருளானந்தர் என்கிற ஜான் தெ பிரிட்டோ. திருவிழா மலர், புனிதர் வரலாறு, மேடை நாடகம் எதை எடுத்தாலும் இதே வரிசைதான். சனம் எங்கே? சனமும் வரும். ஞானஸ்நானம் வாங்க வரும், அழ வரும், ஓரியூர்ச் செம்மண்ணை அள்ளிக்கொண்டு போக வரும். பேசாது. தடியத்தேவர் மனந்திரும்பிய கதை நமக்கு மனப்பாடம், ஏனென்றால் அவர் பெரிய இடம். அதே சீமையில் தலை நனைத்துக்கொண்ட பள்ளரும் பறையரும் நமக்குச் சொல்லித்தந்த கதையில் 'ஏழை எளியோர்' என்ற இரண்டு சொல்லில் அடங்கிப் போனார்கள். இந்த எழுத்துமுறையைத்தான் நான் இங்கே விசாரிக்க வருகிறேன்.

முதலில் ஒரு உண்மை. இந்தக் கரையில் சாமியார் இருந்த நாளைவிட இல்லாத நாள்தான் அதிகம். 1542இல் முத்துக்குளித்துறைக்கு வந்த சவேரியார் ஒரு ஊரில் தங்கியிருக்க முடியாமல் ஊர் ஊராக ஓடினவர். அவர் போன பிறகு கோயிலை நடத்தினது யார்? அவரே ஊருக்கு ஊர் நியமித்த கணக்கப்பிள்ளைகள். செபம் சொல்லிக் கொடுப்பது, சாகக் கிடக்கும் குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுப்பது, பிறப்பு இறப்பு கல்யாணம் பார்ப்பது எல்லாம் அவர்கள் வேலை. பிறகு உபதேசியார்கள். 1686இல் மறவர் சீமையில் பிரிட்டோ பிடிபட்டபோது அவர்களும் சேர்ந்துதான் அடிபட்டார்கள். 1773இல் ரோம் சேசு சபையையே கலைத்துவிட்டது. அவர்கள் மதுரை மிஷனுக்குத் திரும்பி வந்தது 1830களின் கடைசியில். இடைப்பட்ட அறுபது வருசத்துக்கு மேல் குருக்கள் அபூர்வம். அப்போது விசுவாசத்தை அவியாமல் காத்தது செபமாலை சொன்ன கிழவிகளும் உபதேசியார்களும்தான். ஆக, சனங்களின் பங்கேற்பு என்பது யாரோ நேற்றுப் போட்ட பிச்சையில்லை.

இதோடு நிறுத்தினால் நானும் பாதிக் கதை சொன்னவனாவேன். எந்தச் சனம் என்று கேட்க வேண்டும். கச்சத்தீவு அந்தோனியார் கோயிலை நம்புதாளை மீனவர் சீனிக்குப்பன் படையாட்சி கட்டினார் என்கிறார்கள். படகும் பணமும் இருந்தவர் கட்டினார், பேர் நின்றது. நிலமும் படகும் இல்லாதவன் கோயிலுக்குக் கொடுத்தது உடம்பு. அதற்குப் பேர் இல்லை.

டேவிட் மோஸ் என்ற மானிடவியலாளர் 1980களின் தொடக்கத்தில் பழைய ராமநாதபுரம் மாவட்டத்துக் கிராமம் ஒன்றில் தங்கி ஆய்ந்தார். 2012இல் வந்த அவர் புத்தகம் இதை விரிவாகவே பேசுகிறது. அந்தக் கத்தோலிக்கக் கோயில் திருவிழாவில் மரியாதை யாருக்கு முதலில், யாருக்குப் பிறகு என்பதில்தான் சாதி அடுக்கு கண்ணுக்குத் தெரிகிறது. பறை அடிப்பதும் குழி வெட்டுவதும் 'ஊழியம்' என்ற பேரில் ஒரே தெருவின் தலையில் விழுகிறது. இதிலிருந்து நான் எடுத்துக்கொள்வது இது: சாமியாரிடமிருந்து அதிகாரத்தைப் பிடுங்கிச் 'சனங்களிடம்' கொடு என்று சொன்னால் மட்டும் போதாது. இந்தச் சீமையில் சனங்களிடம் அதிகாரம் இருந்தது. அது சாதிக்காரர்களின் அதிகாரமாக இருந்தது. அதனால்தான் நம்ம ஆட்கள் சில நேரம் ஊர்ப் பெரியதனத்துக்கு எதிராகச் சாமியாரிடம் ஓடினார்கள், சில நேரம் சாமியாரையே எதிர்த்தார்கள்.

எங்க பங்குல நான் பார்த்ததைச் சொல்றேன். தபசு காலத்துல எங்க அப்பாயி குரலெடுத்து ஒப்பாரிப் பாட்டுப் பாடுனா கோயிலே அழும். எழுதப் படிக்கத் தெரியாது, ஆனா சிலுவைப்பாதை பதினாலு ஸ்தலமும் மனப்பாடம். அந்தக் கிழவிய ஒருநாளும் வாசகம் பற்றி, கணக்குப் பற்றி, தேர் போற பாதை பற்றி ஒருத்தரும் கேட்டதில்ல. பாஸ்கு போட்டா எங்க தெரு ஆம்பளைகளுக்குச் சேவகன் வேசம், கள்ளன் வேசம். சேசுநாதர் மேலத்தெருவுலதான் பிறப்பார். செத்தா எங்களுக்குச் சுவருக்கு அந்தப் பக்கம். அந்தப் பக்கத்துக் குழியும் இந்தப் பக்கத்துக் குழியும் வெட்டுனது நாங்கதான்.

இந்தத் தரையிலிருந்து எழுந்த முதல் புத்தகம் என்று நான் பாமாவின் 'கருக்கு'வைச் சொல்வேன். 1992இல் வந்தது. அவர் பிறந்த புதுப்பட்டி, 1985இல் மாவட்டம் பிரிகிற வரைக்கும் ராமநாதபுரம்தான். கன்னியர் மடத்தை விட்டு வெளியே வந்த பெண்ணின் சுயசரிதை என்று அதைப் பலரும் வாசிக்கிறார்கள். நான் அதைக் கோயில் தரையில் உட்கார்ந்திருந்தவளின் சாட்சியமாக வாசிக்கிறேன். எண்ணிக்கையில் அதிகம், மற்ற எல்லாவற்றிலும் கடைசி என்ற நம்ம நிலையை அது கணக்குப் போட்டுக் காட்டுகிறது. பொறுமை, கீழ்ப்படிதல் என்றே போதிக்கப்பட்ட வேதாகமத்தில் நீதி கேட்கிற கடவுளைத் தானே வாசித்துக் கண்டுபிடிக்கிறாள் அந்தப் பெண். எந்த இறையியல் கல்லூரியும் அதைச் சொல்லித்தரவில்லை. ஊர்ப் பேச்சிலேயே எழுதினதால் அந்த வாசிப்பு நம்ம தெருவுக்கும் கேட்டது.

ஆனால் ஒரு குறையைச் சொல்லத்தான் வேண்டும். 'கருக்கு' வெளியேறியவரின் புத்தகம். வெளியேற முடியாதவர்கள் இருக்கிறார்கள். கல்லறை அங்கே, பிள்ளை படிக்கிற பள்ளிக்கூடம் அங்கே, மகளின் கல்யாண ஓலை வாசிப்பது அங்கே. உள்ளே இருந்துகொண்டே மல்லுக்கட்டுகிறவளின் புத்தகமும் நமக்கு வேண்டும்.

ஏனென்றால் உள்ளே இப்போது 'பொதுநிலையினர்' என்ற சொல் பலமாக அடிபடுகிறது. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் அவர்களுக்கென்றே தனி ஏடு எழுதியது. 1987இல் உருவான சிவகங்கை மறைமாவட்டத்தில்தான் இன்று ராமநாதபுரமும் ராமேஸ்வரமும் இருக்கின்றன. பங்குப்பேரவை, அன்பியம் என்றெல்லாம் பேசுகிறோம். 2023 அக்டோபரில் ரோமில் கூடிய ஆயர் மாமன்றத்தில் முதன்முறையாகப் பெண்கள் ஓட்டுப் போட்டார்கள். நல்லது. பங்குப்பேரவையைப் பற்றித் திருச்சபைச் சட்டம் 536 என்ன சொல்கிறது? அதற்கு ஆலோசனைக் குரல் மட்டும்தான். முடிவு பங்குச்சாமியாருடையது. அந்த ஆலோசனை நாற்காலியிலும் பழைய மரியாதைக்காரர் வீட்டுப் பிள்ளையே உட்கார்ந்தால் நமக்கு எது மாறியது? இந்திய ஆயர் பேரவையே 2016இல் எழுதிய கொள்கை ஆவணத்தில், 1 கோடியே 90 லட்சம் கத்தோலிக்கரில் 1 கோடியே 20 லட்சம் பேர் தலித்துகள், மேல்மட்டத் தலைமையில் அவர்கள் பங்கு மிகக் குறைவு என்று ஒப்புக்கொண்டது. 'பொது' என்ற சொல் இந்தக் கணக்கை மூடி வைக்கிறது.

நம்ம தெருக்களில் நடந்த உண்மையான பங்கேற்பு எது தெரியுமா? "இனிமே அடிக்க மாட்டோம், வெட்ட மாட்டோம்" என்று பறையையும் மண்வெட்டியையும் கீழே வைத்த நாள்தான். அதுவரை ஊழியம், அன்றைக்குத்தான் உறுப்பினர். அந்த 'மாட்டோம்' எந்தத் திருவிழா மலரிலும் இல்லை.

ஆகவே இளைஞர்களிடமும் எழுதுகிறவர்களிடமும் நான் கேட்பது இதுதான். அடுத்த விழா மலருக்குக் கட்டுரை கேட்டால் பங்குச்சாமியார்களின் பட்டியலைத் திரும்ப எழுதாதீர்கள். கோயிலுக்குக் கல் சுமந்தது யார், மணி அடித்தது யார், வரி கொடுத்தும் தேர் வராத தெரு எது, கல்லறைச் சுவர் எந்த வருசம் எழும்பியது, யார் பணத்தில் எழும்பியது என்று கிழவிகளிடம் கேட்டு எழுதுங்கள். பங்கின் கணக்கு நோட்டைக் கேளுங்கள். ஒவ்வொரு பங்குக்கும் நிதிக்குழு இருந்தே ஆக வேண்டும் என்று சட்டம் 537 சொல்கிறது, அதில் நம்ம தெருவுக்கு எத்தனை பேர் என்று கேளுங்கள். மலரில் போட மாட்டோம் என்று சொன்னால் இங்கே அனுப்புங்கள். இந்தப் பக்கங்கள் அதற்குத்தான் இருக்கின்றன.