குண்டு பல்பும் மூங்கில் கூடையும்

குஞ்சு இறக்கிய மூன்றாம் நாள் இரவு, இரண்டு மணிக்கு மேல், கொட்டகைக்கு வெளியே படுதாவை விலக்காமல் நின்று கேட்டுப் பாருங்கள். குஞ்சுக்குச் சூடு கொடுத்து வளர்க்கும் புரூடிங்கின் ருசி முழுக்க அந்தச் சத்தத்தில் இருக்கிறது. குளிர் தட்டியிருந்தால் ஒவ்வொரு குஞ்சும் தனித்தனியாக, ஊசி குத்தியதுபோல் கத்தும். சூடு இதமாக இருந்தால் பந்தி முடிந்து திண்ணையில் உட்கார்ந்தவர்கள் பேசிக்கொள்வதுபோல் ஒரு தாழ்ந்த சளசளப்பு. சத்தமே இல்லையென்றால் நிம்மதியாகத் திரும்பிவிடாதீர்கள். சூடு ஏறி, வாயைப் பிளந்து, இறக்கையை விரித்து, தடுப்போரமாக ஒட்டிக் கிடக்கும்.

இந்தக் காதை எனக்குக் கொடுத்தவர் தேன்கனிக்கோட்டைப் பக்கத்துப் பாட்டி ஒருவர், எங்களுக்கு அவ்வா. வீட்டில் தெலுங்கு, சந்தையில் கன்னடம், எங்களிடம் தமிழ். அவர் கொட்டகையில் வெப்பமானி கிடையாது. ஒரு குஞ்சைத் தூக்கி அதன் காலைத் தன் கன்னத்தில் வைத்துப் பார்ப்பார். “காலு சில்லுனு இருக்குது நாயனா, தரை காயல” என்பார். பல்பைப் பற்றிப் பேசவே மாட்டார். தரையைத்தான் குறை சொல்வார். சரிதானே? பொரித்துப் பத்துப் பன்னிரண்டு நாளாவது ஆகாமல் குஞ்சுக்குத் தன் சூட்டைத் தானே காத்துக்கொள்ளத் தெரியாது. மேலே எவ்வளவு எரித்தாலும் கீழே ஈர உமி இருந்தால் கால் வழியாகவே சூடு இறங்கிப் போய்விடும். அவ்வா குஞ்சு வருவதற்கு முதல் நாளே பல்பைப் போட்டு உமியைக் காய வைத்துவிடுவார். இன்றைக்கு வண்டி ஹாரன் அடித்த பிறகு சுவிட்சைத் தேடுகிறார்கள்.

அவருடைய புரூடர் ஒரு மூங்கில் கூடை. வெளியே சாணி மெழுகி, வெயிலில் காய வைத்து, கவிழ்த்துத் தொங்கவிட்டது. உள்ளே 60 வாட் குண்டு பல்பு நான்கு. குஞ்சுக்கு இரண்டு வாட் கணக்கில் 120 குஞ்சு. அதற்கு மேல் ஒன்றுகூடச் சேர்க்க மாட்டார். சாணிப்பூச்சு சூட்டை உள்ளே பிடித்து வைக்கும், மூங்கில் இடுக்கு மூச்சு விடும். தகரத் தொப்பி அடித்து விற்கிறார்களே, அது இந்த இரண்டில் ஒன்றையும் செய்யாது. கூடையின் கயிற்றை அவ்வா தினமும் ஒரு விரற்கடை தளர்த்துவாரா இறுக்குவாரா என்பது அன்றைய குஞ்சுகளைப் பொறுத்தது. அடியில் குவிந்து கிடந்தால் இறங்கும், விலகி ஓடினால் ஏறும். எல்லாம் ஒரே பக்கமாக ஒதுங்கியிருந்தால் கயிற்றைத் தொடாமல் எதிர்ப்பக்கப் படுதாவில் ஓட்டை தேடுவார். குஞ்சுகள் தீவனத்தட்டு, தண்ணீர், உறக்கம் என்று வட்டம் முழுக்கச் சிதறிக் கிடக்கும்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டும். கோலம் போட்டு முடித்து எழுந்தவர் முகம்.

கேஸ் புரூடர்காரர்கள் என்னை ஏளனமாகப் பார்ப்பது தெரியும். ஐயாயிரம் குஞ்சுக்குக் கூடை கட்ட முடியுமா என்பார்கள். முடியாது, ஒப்புக்கொள்கிறேன். இன்ஃப்ரா ரெட் பல்பு காற்றை விட்டுவிட்டுக் குஞ்சின் முதுகை நேராகச் சுடுகிறது என்று இன்னொரு கட்சி, அதுவும் உண்மைதான். ஆனால் அந்தச் சிவப்பு வெளிச்சத்தில் எச்சத்தின் நிறத்தை எப்படிப் பார்ப்பது? வெள்ளைக் கழிச்சலை முதல் நாளே கண்டுபிடிக்க வேண்டியவன் சிவப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு உட்காரலாமா?

அட்டவணையோடும் எனக்குச் சண்டை உண்டு. முதல் வாரம் 95 டிகிரி ஃபாரன்ஹீட், பிறகு வாரத்துக்கு ஐந்தாகக் குறை என்று எல்லாச் சுவரிலும் ஒட்டியிருக்கிறது. ஓசூர் ஏறக்குறைய 900 மீட்டர் உயரம். ஐம்பது கிலோமீட்டர் தள்ளி, மலை இறங்கினால் கிருஷ்ணகிரி. மார்கழியில் இங்கே நான்கு பல்பும் போதாமல் கரிப்பானை வைக்கிறோம். சித்திரையில் அங்கே பகலில் பல்பையே அணைத்துவிட்டு நனைந்த சாக்கைத் தொங்கவிடுகிறார்கள். ஒரே தாள் இரண்டு ஊருக்கும் எப்படிப் பொருந்தும்? 1824-ல் கிழக்கிந்தியக் கம்பெனிக் குதிரைகளுக்காக ஓசூரை ஒட்டிய மத்திகிரியில் பண்ணை தொடங்கினார்கள். இன்று அதே மத்திகிரியில் கோழி வளர்ப்புக்கென்றே ஒரு கல்லூரி இருக்கிறது. அங்கே படிக்கும் பிள்ளைகள் அந்தத் தாளை நம்புவதற்கு முன் ஒரு மார்கழி இரவாவது அவ்வாவின் படுதாவுக்கு வெளியே நின்று பார்க்கலாம்.

என் முதல் பேட்சை நானே கெடுத்தேன். செங்கல் அடுக்கிச் சதுரமாகத் தடுப்பு கட்டினேன், அழகாக இருந்தது. இரவில் மின்சாரம் போனது. விடிந்து பார்த்தால் நான்கு மூலையிலும் குவியல். அடியில் கிடந்தவை மூச்சுமுட்டிச் செத்திருந்தன. அவ்வா திட்டவில்லை. சிப்காட் தொழிற்பேட்டைப் பக்கத்துப் பழைய சாமான் கடைக்கு என்னை அனுப்பி, இயந்திர உதிரி வந்த கனத்த அட்டையை எடைக்கு வாங்கி வரச் சொன்னார். ஒன்றரை அடி உயரத்துக்கு அறுத்து வளைத்து வட்டமாக நிறுத்தினோம். வட்டத்தில் மூலை ஏது?

இப்போது பல்புக்குத்தான் பஞ்சம். குண்டு பல்பு தின்னும் மின்சாரத்தில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் சூடாகவே போகிறது, வீண் என்று அதை வீட்டைவிட்டு விரட்டினோம். நாங்கள் கேட்டது அந்தத் தொண்ணூறைத்தான். எல்இடியின் கீழே குஞ்சு வெளிச்சத்தில் நடுங்கும். போன மாதம் ஓசூரில் நான்கு கடை ஏறி இறங்கினேன். ஐந்தாவது கடையில் ஒரு பெரியவர் எதற்கென்று கேட்கவில்லை. பரணிலிருந்து தூசி தட்டி அட்டைப்பெட்டியை எடுத்து வைத்துக்கொண்டே, “எத்தனை குஞ்சுப்பா?” என்றார்.