பின்வாசல் தூதுவர்

பின்வாசலில் நிறுத்தி வைத்தவனை அழைத்து, "போ, நம் வீட்டின் பெருமையை ஊருக்கு உரைத்து வா" என்று அனுப்பினால், அவன் எதை உரைப்பான்? இரண்டாம் உலகப் போருக்குப் பின் அமெரிக்கா அனுப்பிய கலைத் தூது இத்தகையதே. அத்தூதின் கதையை இசை நாடகமாக்கினர் டேவ் புரூபெக்கும் அவர்தம் துணைவியார் அயோலா புரூபெக்கும். 'தி ரியல் அம்பாசடர்ஸ்' என்று பெயர். 'மெய்யான தூதுவர்கள்' என்று பொருள். 1961இல் ஒலிப்பதிவாகி, 1962இல் மாண்டரே இசை விழாவில் மேடையேறிய அப்படைப்பை நாம் பாராட்டுகிறோம். அதன் குறையையும் கூறுகிறோம்.

அமெரிக்கத் தென் மாநிலங்களில் பள்ளியும் உணவகமும் நிறத்தால் பிரிந்து கிடந்த காலம் அது. அந்த இழிவைச் சோவியத் நாடு உலகறியச் சுட்டிக்காட்டியது. விடை தேடிய வாஷிங்டன், 1956இல் கருப்பினக் கலைஞர் டிஸ்ஸி கில்லஸ்பியின் ஜாஸ் குழுவை மேற்காசியாவுக்கும் தெற்காசியாவுக்கும் அனுப்பிற்று. இரு நிறத்தாரும் அருகருகே அமர்ந்து வாசித்த குழு! மெல்பா லிஸ்டன் என்ற பெண்மணியும் அதில் டிராம்போன் வாசித்தார். வெளிநாட்டு மேடையில் சமத்துவம், உள்நாட்டுப் பள்ளியிலோ? 1957இல் லிட்டில் ராக் நகரில் ஒன்பது கருப்பின மாணவரை உள்ளே விடாது, ஆளுநரே படை நிறுத்தித் தடுத்தார். கொதித்தெழுந்த லூயி ஆம்ஸ்ட்ராங், அரசின் சார்பில் சோவியத் நாட்டிற்குச் செல்ல மறுத்தார். தூதுவன் வாய் திறந்தான். அனுப்பியவர் தலை குனிந்தனர்.

அந்த ஆம்ஸ்ட்ராங்கே இந்நாடகத்தின் நாயகர். கடவுள் தம் சாயலில் மனிதனைப் படைத்தாரென்றால், அக்கடவுள் ஏன் கருப்பராக இருத்தல் கூடாது என வினவும் பாட்டொன்று இதில் உண்டு. கேட்போர் நகைக்கட்டும் என்றே ஆசிரியர்கள் எழுதினர். ஆம்ஸ்ட்ராங்கோ கண்ணீர் மல்கப் பாடினார். வேதத்தின் பெயரால் நிறவெறிக்கு அரண் கட்டியோரை, அவர்தம் வேதத்தைக் கொண்டே மடக்கிய வினா அது. எழுதியவர் எண்ணியதினும் உயரப் பறந்தது பாட்டு. இதுவே இப்படைப்பின் வெற்றி.

குறை யாது? கதை நிகழும் டால்கல்லா ஒரு கற்பனை ஆப்பிரிக்க நாடு. அங்கே ஆண்டுக்கொரு முறை ஆள்வோரும் ஆளப்படுவோரும் இடம் மாறுவர். இனிய கற்பனைதான்! ஆனால் 1960இல் ஆம்ஸ்ட்ராங் காங்கோவில் வாசித்தபோது, பதவி பறிக்கப்பட்ட பிரதமர் லுமும்பா அந்நாட்டிலேயே காவலில் கிடந்தார். 1961 சனவரியில் கொல்லப்பட்டார். அவரை நஞ்சிட்டுக் கொல்ல அமெரிக்க உளவுத்துறை சதி தீட்டியிருந்ததை, 1975இல் அமெரிக்க மேலவைக் குழுவே வெளியிட்டது. அச்சதியை நாடக ஆசிரியர்கள் அறிந்திருக்க முடியாது. அதற்காக அவர்களைப் பழிக்கமாட்டோம். எனினும், காங்கோ குருதியில் நனைந்ததை உலகம் அறிந்திருந்தது. அந்த ஆப்பிரிக்காவை விடுத்து, திருவிழா ஆப்பிரிக்காவைப் படைத்தது ஏன்?

ஒரு நாள் அரியணை நகைப்புக்கு உதவும், உரிமைக்கு உதவாது. எக்காளத்தின் இசை கடல் கடந்து செல்லலாம். ஆயினும், ஒரு நாட்டின் மெய்யான தூது, அந்நாட்டுப் பள்ளி வாசலில் எந்தக் குழந்தை தடுக்கப்படுகிறது என்பதிலேயே எழுதப்பட்டிருக்கிறது!