மூளைப் படத்தை எவ்வளவு நம்பலாம்?

2009இல் அமெரிக்க ஆய்வாளர் கிரெய்க் பென்னட்டும் சகாக்களும் ஒரு சால்மன் மீனை எஃப்.எம்.ஆர்.ஐ. ஸ்கேன் கருவிக்குள் வைத்தார்கள். மனிதர்களின் புகைப்படங்களைக் காட்டி, படத்தில் இருப்பவர் என்ன உணர்கிறார் என்று அதனிடம் கேட்டார்கள். மீன் செத்துப்போன மீன். ஆனாலும் கணினி தந்த படத்தில் அதன் மூளையில் சில புள்ளிகள் சிவந்திருந்தன. ஸ்கேன் மென்பொருள் மூளையை ஆயிரக்கணக்கான சிறு கனசதுரங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் தனியாகக் கணக்குப் போடுகிறது. இத்தனை கணக்குகளில் ஒருசில தற்செயலாகவே ‘ஆம்’ என்று வந்துவிடும். அதற்குரிய திருத்தத்தைச் செய்ததும் புள்ளிகள் மறைந்துபோயின. அந்தத் திருத்தத்தைச் செய்யாமலே அச்சேறிய கட்டுரைகள் அக்காலத்தில் கணிசம்.

எஃப்.எம்.ஆர்.ஐ. வெறும் மாயவித்தை என்று சொல்பவர்கள் இந்த மீனைத்தான் முதலில் சாட்சிக்கு அழைக்கிறார்கள். அது நியாயமல்ல. மீன் காட்டியது கணக்குப் போடுபவரின் அவசரத்தை.

கருவியின் அடிப்படை உறுதியானது. ஆக்சிஜனை ஏந்திய ரத்தமும் இழந்த ரத்தமும் காந்தப்புலத்தில் வெவ்வேறாக நடந்துகொள்கின்றன என்பதை வைத்து மூளையைப் படம்பிடிக்கலாம் என்று 1990இல் பெல் ஆய்வகத்தின் செய்ஜி ஒகாவா காட்டினார். மூளையில் எந்தப் பகுதி வேலை செய்கிறதோ அங்கே ரத்தம் கூடுதலாகப் பாய்கிறது. ஆக, கருவி நேரடியாக அளப்பது ரத்தத்தைத்தான். நியூரான்கள் மில்லிநொடிகளில் பேசி முடித்துவிடுகின்றன. ரத்தமோ உச்சத்தைத் தொட ஐந்தாறு நொடி எடுத்துக்கொள்கிறது. ஒரு கனசதுரத்துக்குள்ளேயே லட்சக்கணக்கான நியூரான்கள் இருக்கின்றன. இந்த எல்லைகளைத் தெரிந்துகொண்டு கேள்வி கேட்டால் அது தரும் விடை வியக்கவைக்கும்.

2006இல் நரம்பியல் ஆய்வாளர் ஏட்ரியன் ஓவனின் குழு அப்படித்தான் கேட்டது. சாலை விபத்துக்குப் பின் 23 வயதுப் பெண் ஒருவர் கண் விழித்திருந்தும் எதற்கும் எதிர்வினை காட்டாமல் கிடந்தார். டென்னிஸ் ஆடுவதாகவும், தன் வீட்டு அறைகளில் நடப்பதாகவும் கற்பனை செய்யச் சொன்னார்கள். நலமாக உள்ளவர்களிடம் எந்தெந்தப் பகுதிகள் இயங்கினவோ அதே பகுதிகள் அவரிடமும் இயங்கின. 2010இல் வெளியான ஆய்வில், கடும் மூளைச் சேதமுற்ற 54 நோயாளிகளைச் சோதித்தபோது ஐந்து பேர் இப்படிப் பதிலளித்தார்கள். அவர்களில் ஒருவர் டென்னிஸ் என்றால் ‘ஆம்’, வீடு என்றால் ‘இல்லை’ என்ற முறையில், தந்தையின் பெயர் உள்ளிட்ட ஆறு கேள்விகளில் ஐந்துக்குச் சரியான விடை சொன்னார். உணர்வே இல்லை என்று கருதப்பட்டிருந்த மனிதரோடு பேச வழி கிடைத்தது. இந்த ஒன்றுக்காகவே கருவியைக் கொண்டாடலாம்.

சிக்கல் வேறிடத்தில். புத்திக்கூர்மை, மனச்சோர்வு போன்றவற்றில் ஆளுக்கு ஆள் உள்ள வேறுபாட்டை மூளைப் படத்திலிருந்து கண்டுபிடித்துவிடலாம் என்ற நம்பிக்கையில் சுமார் 25 பேரை மட்டும் வைத்துக் கட்டுரை எழுதுவது துறையின் வழக்கமாகிவிட்டது. 2022இல் ஆய்வாளர் ஸ்காட் மாரெக்கும் சகாக்களும் ஏறத்தாழ 50,000 பேரின் தரவை அலசி, இத்தகைய தொடர்புகள் மிகவும் மெல்லியவை, நம்பகமாகப் பிடிக்க ஆயிரக்கணக்கானோர் தேவை என்றார்கள். அதற்கு இரண்டாண்டு முன்பு 108 பேரின் ஒரே தரவு 70 ஆய்வுக் குழுக்களிடம் தரப்பட்டு, ஒன்பது கருதுகோள்களைச் சரிபார்க்கச் சொல்லப்பட்டது. எந்த இரண்டு குழுவும் ஒரே வழியில் கணக்கிடவில்லை. பல கருதுகோள்களுக்கு முடிவும் ஒத்துவரவில்லை.

ஆயிரக்கணக்கானோரை ஸ்கேன் செய்யப் பணக்கார மையங்களால்தான் முடியும், சிறு ஆய்வகங்கள் என்ன செய்யும் என்ற எதிர்க்கேள்வியில் நியாயம் உண்டு. ஆனால் மாரெக்கின் எச்சரிக்கை எல்லா ஆய்வுக்கும் பொருந்தாது. சிலரையே பல மணி நேரம், திரும்பத் திரும்ப அளக்கும் பாதை திறந்தே இருக்கிறது. ஆய்வாளர் ரஸ்ஸல் போல்ட்ராக் ஒன்றரை ஆண்டு தன் மூளையையே ஸ்கேன் செய்து தரவைப் பொதுவில் வைத்தார். சிறு ஆய்வகங்கள் இந்தப் பக்கம் திரும்புவதே மேல்.

பலவீனமான கணக்கு ஆய்வகத்தைத் தாண்டி வெளியே போகும்போதுதான் ஆபத்து. அமெரிக்காவின் டென்னசியில் மோசடி வழக்கில் சிக்கிய ஒருவர், தான் பொய் சொல்லவில்லை என்று நிரூபிக்க மூளை ஸ்கேனைக் கொண்டுவந்தார். இரண்டு சோதனைகளில் ஒன்று அவர் பொய் சொல்வதாகக் காட்டியது. களைப்புதான் காரணம் என்று சொல்லி மூன்றாவது முறை சோதித்தார்கள், சாதகமாக வந்தது. தந்தையின் பெயர் பற்றி டென்னிஸ்-வீடு முறையில் பதிலளித்த நோயாளியின் விடையைக் குடும்பத்தாரிடம் கேட்டுச் சரிபார்க்க முடிந்தது. இங்கே எந்த ஸ்கேன் சரி என்று சொல்ல யாரிடமும் உரைகல் இல்லை. 2010இல் அந்தச் சாட்சியத்தை ஏற்க நீதிமன்றம் மறுத்தது. 2012இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது.