கோடுகளில் எழுந்த சோழ நாடு

நாவலாசிரியர் சொல்லால் படைத்த மாந்தருக்கு ஓவியர் கோட்டால் உருக்கொடுக்கும்போது, அங்கே இரண்டாவதாக ஒரு படைப்பு நிகழ்கின்றது. 1950 முதல் 1954 வரை 'கல்கி' வார இதழில் 'பொன்னியின் செல்வன்' தொடராக வந்தபோது ஓவியர் மணியம் (1924–1968) வரைந்த சித்திரங்கள் இதற்குத் தக்க சான்றாகும்.

அவர் முன்னிருந்த இடர்ப்பாடு சிறிதன்று. கதை நிகழ்வது பத்தாம் நூற்றாண்டின் பிற்பகுதியில். அக்காலத்துப் பழையாறை அரண்மனை இன்று இல்லை. குந்தவையின் பெயர் கல்வெட்டில் உண்டு, முகம் இல்லை. நந்தினிக்கும் பூங்குழலிக்கும் கல்வெட்டுமில்லை. அவர்கள் முற்றும் கற்பனையின் மக்கள். எனினும் வாரந்தோறும் வாசகர் கண்டவுடன் 'இவள் இன்னாள்' என்று அறிந்தாக வேண்டும்.

கல்கி இவ்விரு அழகியரையும் ஒப்பிட்டு, நந்தினிக்கு வட்ட முகமும் பொன்னிறமும், குந்தவைக்குச் சற்றே நீண்ட முகமும் செந்தாமரை நிறமும் தந்தார். கறுப்புக் கோட்டில் நிற வேறுபாட்டைக் காட்டுதல் இயலாது. ஆகவே மணியம் கூந்தல் ஒப்பனையைப் பற்றிக்கொண்டார். கொண்டையின் அமைப்பே இருவரையும் பிரித்துக் காட்டிற்று. சொல்லின் ஒரு கூறு கைவிட்டுப் போக, மற்றொரு கூற்றை ஓங்கச் செய்த இத்திறமே அவரது சிறப்பு.

கதைக்களத்தைக் காண, ஆசிரியருடன் அஜந்தாவுக்கும் எல்லோராவுக்கும் இலங்கைக்கும் அவர் பயணம் செய்தார். அவ்வுழைப்பைப் போற்றும் நாம் ஒரு குறையையும் சொல்லவேண்டும். அஜந்தா ஓவியங்களுட் பெரும்பகுதி ஐந்தாம் நூற்றாண்டைச் சார்ந்தது. அது சோழர் கலையன்று. தஞ்சைப் பெரிய கோயிலில், நாயக்கர் கால ஓவியங்களின் அடியில் மறைந்திருந்த சோழர் ஓவியங்கள் 1931இலேயே வெளிப்பட்டுவிட்டன. கதையின் காலத்துக்கு அவையே நெருங்கியவை. அஜந்தாச் சாயல் மிகும் இடங்களில் அழகு கூடுகின்றது; சோழ நாடு சற்றே விலகுகின்றது.

இதனை நுணுக்கம் தேடுவோரின் குறை எனத் தள்ளிவிடலாகாது. காவிரியை விட்டு நெடுந்தொலைவு வந்த நம் இல்லங்களில், தொடரின் பக்கங்களைச் சேர்த்துக் கட்டிய தொகுதியே பிள்ளைகளுக்குச் சோழ நாடாயிற்று. ஊரைக் காணாத குழந்தை ஓவியத்தை வரலாறென்றே கொள்ளும். 2022, 2023ஆம் ஆண்டுகளில் வந்த திரைப்படங்களைக் கண்ட இளையோர்க்கும் இது பொருந்தும்.

ஆதலின், முதலிற் கதையை நாமே படித்துக் காட்டுவோம். குழந்தை தன் மனத்தில் ஒரு நந்தினியை வரைந்துகொள்ளட்டும். பின்னர் மணியத்தின் நந்தினியைக் காட்டுவோம். இரண்டும் ஒவ்வாவிடின் வருந்த வேண்டா; ஏன் ஒவ்வவில்லை என்று அக்குழந்தை கேட்கும் கேள்வியில்தான் இலக்கியச் சுவை பிறக்கின்றது.