எபிகூரஸ் பெயரில் நிற்கும் கேள்வி

தீமையை ஒழிக்க முடியாத கடவுள் ஆற்றலில் குறைந்தவர். ஒழிக்க மனமில்லாத கடவுள் அன்பில் குறைந்தவர். இரண்டிலும் நிறைந்தவர் என்றால் உலகில் தீமைக்கு இடமே இருக்கக் கூடாது. நாத்திகத்தின் கூரிய ஆயுதமாகக் கருதப்படும் இந்த வாதம், கி.மு. 341 முதல் 270 வரை வாழ்ந்த கிரேக்கத் தத்துவர் எபிகூரஸ் பெயரில் வழங்குகிறது. அது எதை வீழ்த்துகிறது, எதை வீழ்த்தவில்லை?

எபிகூரஸ் எழுதியவற்றில் நமக்குக் கிடைத்திருப்பவை எதிலும் இந்த வாதம் இல்லை. கி.பி. நான்காம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கிறிஸ்தவ அறிஞர் லாக்டான்டியஸ், கடவுளின் சினம் பற்றிய தம் நூலில், மறுப்பதற்காகவே இதை எடுத்துவைத்து எபிகூரஸுடையது என்கிறார். அவருக்கு முன்பே ஐயவாதி செக்ஸ்டஸ் எம்பிரிக்கஸ், யார் பெயரையும் சொல்லாமல், ஏறத்தாழ இதே வாதத்தை வைத்துவிட்டார். எபிகூரஸோ தெய்வங்கள் உண்டு என்றவர். மெனோசியஸுக்கு எழுதிய கடிதத்தில் அதை ஐயமின்றிச் சொல்கிறார். தெய்வங்கள் மனிதர் காரியத்தில் தலையிடுவதில்லை, ஆகவே அவற்றுக்கு அஞ்சவேண்டாம் என்பதே அவர் போதனை.

இனி மறுமொழிகள். உலகம் அறிவோடு அமைக்கப்பட்டது என்று நம்பிய ஸ்டோயிக் தத்துவர் கிரிசிப்பஸ், மூட்டைப்பூச்சி நம்மைத் தூக்கத்திலிருந்து எழுப்பவும், எலி பொருள்களைப் பத்திரமாக வைக்கப் பழக்கவும் பயன்படுகின்றன என்றாராம். புளூட்டார்க் இதைப் பதிந்திருக்கிறார். லாக்டான்டியஸின் பதில் இன்னும் ஆழமானது: தீமை இல்லையேல் நன்மை தீமையைப் பிரித்தறியும் ஞானமும் இல்லை, ஞானம் தரும் நலம், தீமை தரும் துன்பத்தைவிடப் பெரிது. இதில் உண்மை உண்டு. கையைச் சுட்டுக்கொண்ட பிள்ளை மறுபடி அடுப்பைத் தொடாது.

ஆனால் பிறந்த ஏழாம் நாள் காய்ச்சலில் இறக்கும் சிசு எந்த ஞானத்தைப் பெற்றது? பாடம் தாய்க்கு என்றால், ஒருவர் கற்க இன்னோர் உயிர் விலையாகிறது. மனிதரின் சுதந்திரமே தீமைக்குக் காரணம் என்ற பதிலும் இங்கே உதவாது. அந்தக் காய்ச்சலை யாரும் தேர்ந்தெடுக்கவில்லை.

மிஞ்சுவது ஒரே ஒரு வலுவான பதில்: நம் சிற்றறிவுக்கு எட்டாத காரணம் கடவுளுக்கு இருக்கலாம். இதைத் தர்க்கத்தால் பொய்யாக்க முடியாது. ஆகவே கடவுள் இல்லை என்று இந்த வாதம் நிறுவிவிட்டதாகச் சொல்வது மிகை. ஆனால் அந்தப் பதிலுக்குக் கொடுக்கும் விலை பெரிது. தடுக்க முடிந்தும் சிசுவைச் சாகவிட்ட மனிதனை நாம் நல்லவன் என்று சொல்லமாட்டோம். அதே செயலைக் கடவுளிடம் நன்மை என்றால், நன்மை என்ற சொல்லே நமக்குத் தெரிந்த பொருளை இழக்கிறது.

என் தீர்ப்பு இதுதான். இந்த வாதம் எல்லாக் கடவுளரையும் மறுக்கவில்லை. எபிகூரஸின் தெய்வங்களை அது தொடவே இல்லை. முழு ஆற்றலும் முழு அன்பும் ஒருங்கே கொண்ட கடவுள் என்ற கருத்தைத்தான் உலுக்குகிறது. அந்தக் கடவுளை நம்புகிறவர் தொடர்ந்து நம்பட்டும். ஆனால் பிள்ளையைப் பறிகொடுத்தவரிடம் போய், எல்லாம் நன்மைக்கே என்று மட்டும் சொல்லவேண்டாம்.