தூண்டில் இலக்கியமும் ஓய்வின் உரிமையும்

ஓர் இலக்கிய வகையை மதிப்பிடப் புகுபவன், அது வாசகனுக்கு எத்தகைய இன்பத்தை அளிக்கின்றது என்று கேட்பதோடு அமைந்துவிட முடியாது. அவ்வின்பம் யாருடைய உழைப்பின்மீது எழுந்தது, யாருக்கு அது மறுக்கப்பட்டது என்பனவும் விமர்சனத்திற்குரிய வினாக்களேயாம். ஆங்கில மொழியிலே ஐந்து நூற்றாண்டுகளாக வளர்ந்துவந்துள்ள மரபொன்று இவ்வினாக்களை நம்முன் கூர்மையாக எழுப்புகின்றது. ஈத்தூண்டில் வீசி மீன் பிடிப்பதில் வாழ்நாளைக் கழித்தோர் தமது மகிழ்ச்சியையும் ஏமாற்றத்தையும் எழுதிவைத்த நூல்களே அவை. நம்மிடையேயுள்ள முற்போக்கு நண்பர் சிலர், 'சீமான்களின் பொழுதுபோக்கு' என்ற ஒரே தொடரில் இவற்றை ஒதுக்கிவிடுவர். ஒதுக்குவது எளிது, ஆயின் அது விமர்சனமாகாது. ஒரு மனிதனை ஐம்பது ஆண்டுகள் ஓர் ஆற்றங்கரையில் நிறுத்திவைக்கும் இன்பம் எத்தகையது என்று முதலில் விளங்கிக்கொள்ளல் வேண்டும்.

புழுவையோ சிறுமீனையோ முள்ளிற் கோத்து நீரில் இடும் தூண்டில் அன்று இது. சிறிய முள்ளொன்றின்மேல் இறகு, பட்டுநூல், விலங்குமயிர் ஆகியவற்றைச் சுற்றிக் கட்டி, ஆற்றின்மேற் பறக்கும் பூச்சியைப் போன்ற பொய்யிரை ஒன்று செய்யப்படுகின்றது. இதற்கு எடை என்று சொல்லத்தக்கது எதுவுமில்லை. ஆதலால் இதனை நேரே எறிதல் இயலாது. எடையுள்ள நூலைக் கோலினால் முன்னும் பின்னும் வீசி, அந்நூலின் ஓட்டத்தோடு பொய்யிரையையும் நீர்மேல் ஓசையின்றி இறக்குதல் வேண்டும். எந்த மாதத்தில், எந்த வேளையில், எந்தப் பூச்சி நீரிலிருந்து எழும். ட்ரவுட் மீன் அப்பொழுது எந்தக் கல்லின் மறைவில் நிற்கும். வெயிலும் காற்றும் மாறினால் அது என்ன செய்யும்? இவற்றையெல்லாம் அறிந்தவனே வெல்வான். அறிந்தவனும் பல நாட்கள் வெறுங்கையோடு திரும்புவான். கையும் கண்ணும் மூளையும் ஒருங்கே இயங்கும் திறமை இது. உழைப்பின் இயல்புகள் யாவும் இதில் உள. உழைப்பின் கட்டாயம் மட்டுமே இல்லை. இத்துறையின் இன்பத்திற்கு அடிப்படை இதுவே எனலாம்.

இவ்வின்பம் தொடக்கத்திலிருந்தே வேலியிடப்பட்டது என்பது மனங்கொள்ளத்தக்கது. தூண்டில் பற்றி ஆங்கிலத்தில் அச்சேறிய முதல் நூல் 1496இல் வெளிவந்தது. அதை ஜூலியானா பேர்னர்ஸ் என்னும் கன்னிகாமடத் தலைவி எழுதினார் என்ற மரபுவழிச் செய்தியை ஆய்வாளர் ஐயத்தோடு நோக்குவர். பன்னிரண்டு வகைப் பொய்யீக்களைக் கட்டும் முறையைக் கூறும் அந்நூல், தான் தனிச் சிறுநூலாக அச்சிடப்படாமைக்கும் காரணம் கூறுகின்றது. தனியே மலிவாக வந்தால் வேலையற்ற வீணர் எல்லோர் கையிலும் அகப்பட்டு ஆற்று மீன்கள் அழிந்துவிடும். ஆகவே மேன்மக்களுக்குரிய பெரிய நூலொன்றினுள் சேர்த்து வெளியிடப்பட்டதாம். அச்சு இயந்திரம் இங்கிலாந்துக்கு வந்து இருபது ஆண்டுகளே ஆகியிருந்தன. அறிவைப் பரப்ப வந்த கருவியின் மூலமாகவே அறிவைப் பரவாமல் தடுக்க முயன்ற அந்தத் தந்திரம், ஒரு வர்க்கத்தின் மனப்பான்மையைத் தெளிவாகக் காட்டுகின்றது.

1653இல் வெளிவந்த ஐசாக் வோல்ற்றனின் 'முழுமையான தூண்டிற்காரன்' இம்மரபின் தலைநூல். வோல்ற்றன் பிரபு அல்லர். லண்டன் நகரத்து வணிகர். மன்னன் சிரச்சேதம் செய்யப்பட்டு நான்கு ஆண்டுகளே கழிந்திருந்தன. அரசகட்சியைச் சார்ந்தவராகிய அவர், உள்நாட்டுப் போரின் தோல்வியிலிருந்து விலகி, ஆற்றங்கரையிலே அமைதியான ஓர் உலகைப் படைத்தார். அந்நூலின் உரையாடல்களில் மீனவனும் வேட்டைக்காரனும் நட்போடு நடந்து செல்வர். பால் கறக்கும் பெண்கள் பாடுவர். கலகத்தின் சுவடு எங்கும் இராது. ஈத்தூண்டிற் கலையை விரிவாகக் கூறும் இரண்டாம் பாகத்தை 1676இல் சேர்த்தவர் சார்ள்ஸ் கொற்றன். டவ் ஆற்றங்கரை நிலச்சுவான்தாராகிய இவர் கடன்காரர் தொல்லையால் அலைக்கழிந்தவர். 1674இல் இவர் கட்டிய சிறு தூண்டில் மண்டபம் இன்றும் அங்கே நிற்கின்றது. அதன் வாயிலில் நண்பர் இருவரின் பெயரெழுத்துக்களும் பின்னிக் கிடக்கின்றன. வணிகரும் நிலவுடைமையாளரும் நண்பராகக்கூடிய இடமாக ஆற்றங்கரை விளங்கிற்று. இருவருக்கும் பொதுவாக இருந்தது ஒன்றே: ஓய்வு.

பத்தொன்பதாம் நூற்றாண்டிலே புகைவண்டி லண்டன் செல்வரை ஹம்ஷயரின் தெளிந்த சுண்ணாம்புக்கல் ஆறுகளுக்குக் கொண்டு சேர்த்தது. ஆறுகள் பகுதி பகுதியாகக் குத்தகைக்கு விடப்பட்டன, காவலர் நியமிக்கப்பட்டனர். இக்காலத்துத் தூண்டில் விதிகளை வகுத்தவர் பிரடெரிக் ஹல்போட். 1886இல் தம் முதல் நூலை வெளியிட்ட இவர், சில ஆண்டுகளில் வணிகத்திலிருந்தும் ஓய்வுபெற்று மீன்பிடிப்பதையே வாழ்வாக்கிக்கொண்டார். நீர்மேல் மிதக்கும் ஈயை, மேலெழுந்து இரையுண்ணும் மீனுக்கு மட்டுமே வீசுதல் வேண்டும் என்ற இவரது விதி, சீடர் கையில் வேதமாயிற்று. அதனை மறுத்தெழுந்தவர் ஜோர்ஜ் ஸ்கியூஸ் என்னும் வழக்கறிஞர். வேலைநாட்களில் லண்டன் அலுவலகத்தில் உழைத்த இவர், 1883 முதல் ஏறத்தாழ 55 ஆண்டுகள் இற்சென் ஆற்றின் ஒரே பகுதியில் தூண்டில் போட்டவர். பிடித்த மீனின் இரைப்பையைச் சிறு கரண்டியாற் சோதித்து, அது உண்பதிற் பெரும்பகுதி சிறகு முளையாத நீரடிப் பூச்சிகளே என்று கண்டார். 1910இல் அவர் வெளியிட்ட நூல் ஆசாரவாதிகளைச் சினங்கொள்ளச் செய்தது. 1938இலும் லண்டன் தூண்டிற்காரர் கழகத்தில் இதுபற்றி விவாதம் நிகழ்ந்தது. மீன் எதை உண்கின்றது என்று மீனையே கேட்டறிவதா, குருவின் நூலைப் புரட்டி அறிவதா என்பதே அங்கு எழுந்த பிரச்சினை. சூத்திரங்களை மனனஞ்செய்து யதார்த்தத்தைக் காணமறுக்கும் நோய் ஆற்றங்கரைக்கு மட்டும் உரியதன்று என்பதை நம் வாசகருக்கு விளக்க வேண்டியதில்லை.

ஸ்கியூஸ் எழுதிய சிறுகதை ஒன்று ஈண்டு குறிப்பிடத்தக்கது. காஸ்ற்வெல் என்னும் தூண்டிற்காரர் இறக்கிறார். சுவர்க்கம் என்று தாம் எண்ணிய இடத்தில் அழகிய ஆறும், சிறந்த கோலும், பணிவான காவலனும் காத்திருக்கின்றனர். முதல் வீச்சிலேயே இரண்டரை இறாத்தல் எடையுள்ள மீன் அகப்படுகின்றது. இரண்டாம் வீச்சில், அதே இடத்தில், அதே எடையில் இன்னொன்று, மூன்றாவதும் அவ்வாறே. இடம் மாறவோ, ஓய்வெடுக்கவோ அவருக்கு அனுமதியில்லை. ஒவ்வொரு வீச்சுக்கும் ஒரு மீன் என்று முடிவின்றித் தொடர்கின்றது. அது சுவர்க்கமன்று, நரகம் என்று இறுதியில் அவர் உணர்கிறார். தூண்டிற்காரனின் ஏமாற்றங்களைப் பற்றி எழுதப்பட்ட பக்கங்கள் அனைத்தையும் இச்சிறுகதை விஞ்சிநிற்கின்றது. தோல்வி இயலாத இடத்தில் திறமைக்குப் பொருளில்லை. திறமைக்குப் பொருளில்லாத இடத்தில் இன்பமும் இல்லை. ஆயின் ஆசிரியர் காணாத ஓர் உண்மையும் இதில் உண்டு. ஒரே இடத்தில் நின்று, ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்து, அளவு மாறாத பொருளை முடிவின்றி எடுத்துக்கொண்டிருப்பது செல்வர் காஸ்ற்வெல்லுக்கு மரணத்தின் பின் வந்த நரகம். ஆலைத் தொழிலாளிக்கோ அது திங்கட்கிழமை காலை.

அத்தொழிலாளியின் கையே ஆற்றங்கரை இன்பத்தைச் சாத்தியமாக்கியது. தூண்டில் முட்கள் வூஸ்ரர்ஷயரின் றெடிச் நகரிலே செய்யப்பட்டன. ஊசித்தொழிலுக்கும் பெயர்பெற்ற அந்நகரில், ஊசிமுனை தீட்டிய தொழிலாளர் உலோகத்தூசியைச் சுவாசித்து இளவயதிலேயே நுரையீரல் நோயால் மாண்டனர். பொய்யீயை நூலோடு பிணைக்கும் நுண்ணிழை, ஸ்பெயின் நாட்டு முர்சியாவில் பட்டுப்புழுவின் உடலிலிருந்து இழுத்தெடுக்கப்பட்டது. கோலுக்கான மூங்கில் தென்சீனத்திலிருந்தும், பகட்டான பொய்யீக்களுக்கான காட்டுக்கோழிக் கழுத்திறகு இந்தியாவிலிருந்தும் சென்றன. ஆற்றங்கரையில் தனித்து நின்றதாக எழுதிய கனவானின் பின்னால் ஓர் உலகமே நின்றது. மீன்களுக்குக்கூட வர்க்கம் வகுக்கப்பட்டது: ட்ரவுட்டும் சால்மனும் வேட்டைக்குரிய உயர்மீன்கள், ஏனையவை 'முரட்டு' மீன்கள். செஃபீல்ட் போன்ற தொழில் நகரங்களின் உழைப்பாளர் ஞாயிறுதோறும் கால்வாய்க் கரைகளில் அம்முரட்டு மீன்களைப் பிடித்து மகிழ்ந்தனர். அவர்களது மகிழ்ச்சியும் பொறுமையும் திறமையும் சற்றும் குறைந்தனவல்ல. ஆயினும் இம்மரபின் தலைநூல்களில் அவர்களுக்கு இடம் கிடைக்கவில்லை.

இவ்வரலாற்றின் ஒரு கிளை நமது நாட்டிலும் ஓடுகின்றது. நுவரெலியாவின் குளிரோடைகளில் 1880களில் ட்ரவுட் மீனைக் கொணர்ந்து விட்டவர்கள் பிரித்தானியர். வேற்று மண்ணில் தம் ஊர் ஆற்றைப் படைத்துக்கொள்ள அவர்கள் விரும்பினர். பின்னர் வந்த வானவில் ட்ரவுட் ஹோட்டன் சமவெளி ஓடைகளில் நிலைபெற்றது. தோட்டத்துரைமார் கோலெடுத்துச் சென்ற அம்மலைகளிலேதான் தென்னிந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட நம் மக்கள் காடழித்துத் தேயிலை நட்டு, லயக் காம்பராக்களில் வாழ்ந்தனர். துரைக்கு அவ்வோடை ஓய்வு. கொழுந்துக்கூடையோடு அதனைக் கடந்த பெண்ணுக்கு அது இன்னொரு ஏற்றத்தின் தொடக்கம். ஒரே நீர், இருவேறு வாழ்வு.

இவ்வளவும் கூறியபின் இம்மரபில் எஞ்சுவது யாது என்ற கேள்வி எழும். நோர்மன் மக்லீனின் 'அதனூடே ஓர் ஆறு ஓடுகின்றது' என்ற குறுநாவலை நான் விடையாகத் தருவேன். 1902இல் பிறந்த மக்லீன் சிக்காகோப் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலம் கற்பித்து 1973இல் ஓய்வுபெற்றவர். 1976இல், தமது 73ஆவது வயதில், தம் முதற் கதைநூலை வெளியிட்டார். அதற்குமுன் புனைகதை எதையும் வெளியிட்டறியாத அப்பல்கலைக்கழகப் பதிப்பகமே அதனை ஏற்றது. கதை நிகழ்வது மொன்டானா மாநிலத்தின் பிளாக்பூட் ஆற்றில். பாதிரியாராகிய தந்தை தாளக்கருவியின் நான்கு தட்டுக்கு இசைய இரு புதல்வருக்கும் தூண்டில் வீசக் கற்பிக்கிறார். இளையவன் போல் கலைஞனாகிறான். அவன் வீச்சு ஆற்றையே ஒளிரச் செய்கின்றது. அவனே குடியிலும் சூதிலும் கடனிலும் அமிழ்கிறான். தன்னுடன் வந்த பூர்வகுடிப் பெண்ணை ஒருவன் இழிவுபடுத்தியபோது அடித்து வீழ்த்தி, சிறைப்படுகிறான். மூத்தவன் உதவ விழைகிறான். எவ்வாறு உதவுவதென்று அறியான். இறுதியில் போல் அடித்துக் கொல்லப்படுகிறான். அவனது கை எலும்புகள் நொறுங்கியிருந்தன என்ற செய்தி வரும்போது, எந்தக் கை என்று தந்தை கேட்கிறார். வலக்கை. அந்த ஒரு வினாவில் அடங்கியுள்ள துயரத்திற்கு இம்மரபு முழுவதிலும் ஈடில்லை. ஆசிரியரின் தம்பி 1938இல் சிக்காகோவில் இவ்வாறே மாண்டார்.

முன்னையோர் எழுதிய ஏமாற்றமெல்லாம் தப்பிய மீனைப் பற்றியது. மக்லீன் எழுதியதோ தப்பிய மனிதனைப் பற்றியது. ஆற்றின் ஒவ்வொரு கல்லையும் அறிந்தவர்கள் அருகில் நின்ற உடன்பிறந்தானை அறியவில்லை. ஒரு கலையில் முழுமை எய்துவதால் வாழ்க்கை முழுமையடைந்துவிடாது என்ற உண்மையை, அக்கலையின்மீதுள்ள காதல் சிறிதும் குன்றாமலே அவர் கூறுகிறார். இளமையிற் காட்டு வேலையும் மரம் வெட்டும் வேலையும் செய்தவராதலால், அவருடைய எழுத்தில் தூண்டில் வீச்சும் ஒரு தொழிலைப் போலவே துல்லியமாக விவரிக்கப்படுகின்றது.

எனினும் இந்நூலின் குறையையும் மறைத்தலாகாது. அதில் வரும் ஆறு காலங்கடந்த ஆறு. பாறைகளின்மேல் காலங்கடந்த மழைத்துளிகளைக் காணும் ஆசிரியர், கரையிலிருந்த சுரங்கத்தைக் காணவில்லை. நூல் வெளிவந்ததற்கு முந்திய ஆண்டில், 1975 ஜூனில், அவ்வாற்றின் தலைப்பகுதியிலிருந்த மைக் ஹோர்ஸ் சுரங்கத்தின் கழிவணை வெள்ளத்தில் உடைந்து நச்சுக்கழிவு நீரிற் கலந்தது. 1992இல் றொபேட் றெட்போட் இக்கதையைத் திரைப்படமாக்கியபோது, மீன்பிடி காட்சிகளிற் பெரும்பகுதி கலற்றின் என்னும் வேறோர் ஆற்றிலே படமாக்கப்பட்டது. கதையின் ஆறு அந்நாளில் அத்துணை நலிந்திருந்தது. பின்னர் கரையோர விவசாயிகளும் தூண்டிற்காரரும் ஒன்றுசேர்ந்து அதனை மீட்க முனைந்தனர். பிளாக்பூட் சேருமிடத்திலே 1908இல் கட்டப்பட்ட மில்ரவுண் அணை 2008இல் உடைத்தகற்றப்பட்டது. ஆற்றை நேசித்தவர் ஆற்றைக் காக்கக் கூட்டாகச் செயற்படவேண்டியதாயிற்று. தனிமையின் இன்பத்தையும் தனித்து நின்று காத்தல் இயலாது என்பதே இதன் படிப்பினை.

மார்க்சும் எங்கெல்சும் 1845–46இல் எழுதி, 1932இலேயே முழுமையாக வெளிவந்த 'ஜேர்மன் கருத்தியல்' எதிர்காலச் சமுதாயத்தைக் கற்பனை செய்யுமிடத்து, வேட்டையாடுவதையும் மீன் பிடிப்பதையும் மந்தை மேய்ப்பதையும் விமர்சனம் செய்வதையும் ஒரே மனிதனின் ஒரே நாளுக்குள் அடக்குகின்றது. அம்மனிதன் மீனவனாகவோ விமர்சகனாகவோ வாழ்நாள் முழுதும் கட்டுண்டு கிடக்கமாட்டான். மீன்பிடித்தலும் விமர்சனமும் அங்கே அருகருகே வைக்கப்பட்டிருத்தல் தற்செயலாகவும் இருக்கலாம். ஆயினும் பொருள் பொதிந்தது. கட்டாயமற்ற உழைப்பு, தோல்வியைத் தாங்கும் பொறுமை, இயற்கையோடு கண்ணூன்றிய பழக்கம் ஆகியவை மனிதனுக்கு இயல்பாக உரியவை. அவற்றை அனுபவித்தோர் எழுதிய நூல்கள் பொய்யல்ல. அவை ஒரு சிலருக்கே கிட்டிய உண்மை. ஆதலால் முற்போக்காளன் இவ்விலக்கியத்தை எள்ளி நகையாட வேண்டியதில்லை. 1496இல் எந்த வீணர் கைக்கு அது போய்விடக்கூடாது என்று அஞ்சினார்களோ, அவர்கள் கைக்கே அது வரவேண்டும் என்று கோருவதே அவன் கடமை. நூல் மட்டுமன்று, ஆறும், ஓய்வும், வெறுங்கையோடு வீடு திரும்பினாலும் அன்றிரவு பசியோடு உறங்க வேண்டியதில்லை என்ற உறுதியும் வேண்டும். அவ்வுறுதி இருந்தால் மட்டுமே மீன் தப்பிய ஏமாற்றமும் ஓர் இன்பமாகும்.