கடவுட்பெயரும் கிறிஸ்து சமய வரலாறும்

பிற சமய நூல்களை ஆராயப் புகுவார்க்கு இருவகைக் குற்றம் நிகழ்தல் எளிது. ஒன்று, தம் சமயப் பொருளை அந்நூற் சொற்களின்மேல் ஏற்றி, அது பொருந்தாமை கண்டு இகழ்தல். மற்றொன்று, எல்லாம் ஒன்றேயென்று முகமன் கூறி, உள்ள வேற்றுமையையும் காணாதொழிதல். இவற்றுள் முன்னைய குற்றம் அடியேன்பால் நெடுங்காலம் இருந்தது. அது நீங்கிய வகையையும், நீங்கியபின் ஆராய்ந்து கண்டவற்றையும் ஈண்டுக் கூறுவாம்.

அடியேன் ஆசிரியத் தொழிலினின்றும் ஓய்வுபெற்றபின் ஒரகடத்தை அடுத்ததொரு சிற்றூரில் வதிகின்றேன். வடபால் இராமாநுசர் அவதரித்த ஸ்ரீபெரும்புதூர். வடகீழ்பால் சேக்கிழார் பெருமான் அவதரித்த குன்றத்தூர். ஏரியும் கழனியுமாயிருந்த இந்நிலப்பரப்பு இன்று மோட்டார் வண்டித் தொழிற்சாலைகளால் நிறைந்துள்ளது. பல மாவட்டத்து இளைஞரும் இங்கு வந்து வாடகை வீடுகளிற் குடியிருக்கின்றனர். அடியேனது அடுத்த வீட்டில் இருப்பவர் தரங்கம்பாடிப் பக்கத்து லுத்தரன் சபையைச் சார்ந்த ஓர் இளைஞர். ஒருநாட் காலை, இரவுமுறை வேலை முடித்து வந்தவர், மூன்று புத்தகங்களைக் கொணர்ந்து திண்ணைமேல் வைத்தார். ஒன்று அவர் பாட்டியாரது பழம் பிரதி. அதிற் கடவுட்பெயர் பராபரன் என்றிருந்தது. அவரது பிரதியில் தேவன் என்றிருந்தது. உடனுறையும் கத்தோலிக்க நண்பரது பிரதியிற் கடவுள் என்றிருந்தது.

"மூலம் ஒன்றுதானே ஐயா, பெயர் மட்டும் ஏன் மூன்று?" என்றார்.

"தமிழறியாப் பாதிரிமார் செய்த குழப்பம், தம்பி. தேவன் என்று னகர வீற்று ஒருமையில் எழுவாய் நிறுத்திச் செய்தார் என்று ஆர் விகுதியால் முடிப்பவர்க்கு இது பெரிதோ?" என்றேன். வகுப்பறையிற் பல்லாண்டு கூறி மாணாக்கரைச் சிரிக்கச் செய்த சொற்களே அவை.

அவர் சிரித்திலர். "தாங்களும் சிவபெருமான் அருளினார் என்றுதானே ஐயா எழுதுகிறீர்கள்?" என்றார்.

அடியேனுக்கு விடை எழவில்லை. ஒருவரைப் பன்மையாற் கூறுதலை உயர்த்துச் சொல்லும் வழக்கென்று தொல்காப்பியனார் உடன்பட்டிருத்தலை மடத்தில் தம்பிரான் சுவாமிகள்பாற் பாடங்கேட்டவன் யான். நம் உரைநடைக்கு வழுவமைதியாவது பிறர் உரைநடைக்கு மட்டும் வழுவாதல் யாங்ஙனம்? நாணங்கொண்டு, அவர் வினாவை முறையாக ஆராயலானேன்.

தமிழ்க் கிறிஸ்தவர் கடவுளுக்கு வழங்கிய பெயர்களைக் காலமுறையில் வைத்து நோக்குக. 1578-ஆம் ஆண்டு கொல்லத்தில் அச்சான சிறு நூலின் பெயர் தம்பிரான் வணக்கம். தமிழெழுத்தில் இந்திய மண்ணில் அச்சேறிய முதனூல் என்பது இதுவே. இதனை ஆக்குவித்தவர் அண்டிரீக் பாதிரியார். நம் மடங்களில் துறவியர்க்கும், நம் தோத்திரங்களிற் சிவபிரானுக்கும் வழங்கும் சொல்லையே அவர் எடுத்தாண்டனர். 1606-இல் மதுரைக்கு வந்து தத்துவ போதக சுவாமியெனப் பெயர்பெற்ற நொபிலி பாதிரியார் சர்வேசுரன் என வழங்கினார். அது கத்தோலிக்கரிடையே நெடுங்காலம் நிலைபெற்றது. 1706-இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்கு ஐயர் புதிய ஏற்பாட்டைத் தமிழாக்கி 1715-க்குள் அச்சிட்டு முடித்தார். அவர்க்குப் பின்வந்த பப்ரிசியசு ஐயர் 1772-இல் வெளியிட்ட மொழிபெயர்ப்பிற் பராபரன் என்றார். 1871-இல் முற்றுப்பெற்ற பவர் ஐயர் குழுவினரது மொழிபெயர்ப்பில் அது தேவன் என்றாயிற்று. 1995-இல் கத்தோலிக்கரும் சீர்திருத்தச் சபையாரும் கூடி வெளியிட்ட திருவிவிலியத்திற் கடவுள் என்றாயிற்று.

இவற்றுள் தேவன் என்பதனையே நம்மனோர் பெரிதும் குறை கூறுவர். தேவராவார் சகலவருக்கத்துப் பசுக்கள், பிறப்பிறப்புடையார், பதியை அப்பெயராற் கூறல் பொருந்தாது, அதுபற்றியன்றோ நாம் மகாதேவன், தேவதேவன் என விசேடித்துக் கூறுகின்றோம் என்பது அவர் தடை. நம் சித்தாந்தத்துக்கு அது முற்றும் உண்மையே. ஆயினும் மொழிபெயர்ப்பாளன் கட்டுப்பட்டது நம் பரிபாடைக்கன்று. தன் மூலநூற்கே என்க. எபிரேய மூலத்தில் மெய்க்கடவுளைக் குறிக்கும் சொல்லே பிறர் வணங்கும் தெய்வங்களையும் குறிப்பது. அந்நூலின் பத்துக் கட்டளைகளுள் வேறு தெய்வங்களை வணங்கற்க என்பது தலையாயது. ஒரு சொல்லே ஒருமையில் உடன்பாடாகவும் பன்மையில் விலக்காகவும் நின்றாலன்றி அக்கட்டளையின் வன்மை புலப்படாது. பராபரன், சர்வேசுரன் என்பன பன்மையேலா. தேவன் தேவர்கள் என்பது ஏற்கும். ஆகலின் நமக்குக் குறையாகத் தோன்றியதே அந்நூற்கு நிறையாயிற்று. பராபரன் நம் தாயுமானார் கண்ணியொன்றிற்குப் பெயராய் நின்ற சொல்லாதலின் நம் செவிக்கு இனிது. இனிமை வேறு, மூலத்தோடு இயைதல் வேறு.

அற்றேல், தேவன் என்பதே முடிந்த சொல்லோ எனின், அன்று. கடவுள் என்பதும் கடவுளர் எனப் பன்மையேற்கும். அதனோடு அனைத்தையும் கடந்து நிற்றல் என்னும் பொருளும் அச்சொல்லின்கண் அறிஞராற் கொள்ளப்படுகின்றது. ஆகலின் இருபயனும் ஒருங்குடைய அதுவே சாலச் சிறந்ததென்பது அடியேன் துணிபு. ஆயினும் சீர்திருத்தச் சபையாருட் பெரும்பாலார் இன்றும் 1871-ஆம் ஆண்டு மொழிபெயர்ப்பையே ஓதுகின்றனர். தலைமுறை தலைமுறையாக நாவிற் பழகிய சொல்லை இலக்கணத்தால் மட்டும் பெயர்த்தல் அரிது. தேவாரப் பாடபேதம் ஒன்றினை மாற்றத் துணிவார் நம்முள் எத்துணையர்?

இனி, இச்சொல் வழக்காறு தமிழகத்திற்கே உரியதன்று. கிறிஸ்து சமய வரலாற்றின் பெருந்திருப்பங்கள் பலவும் ஒவ்வொரு சொல்லையே அச்சாணியாகக் கொண்டு சுழன்றன. 325-இல் நைசியா நகரிற் கூடிய சங்கத்தார் குமாரன் பிதாவோடு ஒரே உட்பொருளினர் என்று தீர்மானித்தனர். அதற்கு அவர் வழங்கிய கிரேக்கச் சொல் அவர்தம் வேதத்தில் இல்லாதது. அதனோடு ஓரெழுத்தே கூடிய மற்றொரு சொல் ஒத்த உட்பொருளினர் என்று பொருள்படும். அவ்வோரெழுத்தின் பொருட்டு அந்நூற்றாண்டில் நிகழ்ந்த வழக்குப் பெரிது. பரிசுத்த ஆவி பிதாவினின்றும் புறப்படுகின்றார் என்னும் விசுவாசப் பிரமாணத்தில், குமாரனினின்றும் என்னும் ஒரு லத்தீன் சொல்லை மேல்நாட்டுச் சபையார் சேர்த்தமை, 1054-இற் கீழ்நாட்டுச் சபை பிரிந்தமைக்குக் காரணங்களுள் ஒன்றாயிற்று. 1522-இற் புதிய ஏற்பாட்டை ஜெர்மன் மொழியில் வெளியிட்ட லுத்தர், ரோமர்க்கெழுதிய நிருபத்தில் விசுவாசத்தினால் என்னுமிடத்து மாத்திரம் என்றொரு சொல் சேர்த்தார். கண்டித்தார்க்குத் தம் மொழியின் இயல்பு அதனை வேண்டுகின்றதென விடை கூறினார். 1962 முதல் 1965 வரை நிகழ்ந்த இரண்டாம் வத்திக்கான் சங்கம் வழிபாட்டில் தாய்மொழிக்கு இடந்தந்தமையால், லத்தீன் ஒலித்த கோயில்களிற் பூசை தமிழில் நிகழலாயிற்று.

அரசரும் படையும் பொருளும் இத்திருப்பங்களிற் புகுந்தன என்பது மெய்யே. எனினும் ஒரு சொல்லின் பொருட்டுப் பதவியிழக்கவும் நாடுகடத்தப்படவும் ஒருப்பட்டார் பலர் அச்சமயத்தில் இருந்தனர் என்பதும் மெய்யே. இது நமக்குப் புதிதன்று. அத்துவிதம் என்னும் ஒரு சொல்லில் நகரப்பொருளது எதிர்மறைக்குப் பொருள் யாதென்பதன்மேலன்றோ நம் மெய்கண்ட தேவர் சித்தாந்தம் ஏகான்மவாதத்தினின்றும் பிரிந்து நிற்கின்றது? சொல்லாராய்ச்சியை வெற்றுச் சொற்போர் என்று இகழ்வார் தம் சமயத்தையே இகழ்ந்தாராவர்.

கண்டனத்தில் ஒப்பற்றவர் என்று நாம் போற்றும் யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலரவர்களை ஈண்டு நினைத்தல் தகும். பெர்சிவல் பாதிரியாரோடு இருந்து, 1850-இல் அச்சான விவிலிய மொழிபெயர்ப்புக்குத் தமிழுதவியவர் அவரே. அதன்பின்னரே 1854-இற் சைவதூஷணபரிகாரம் வெளியிட்டு மறுமொழி கூறினார். தாம் மறுக்கும் நூலை எதிரியினும் நன்கு கற்று, அந்நூலினின்றே மேற்கோள் காட்டினார். அவரது கண்டனத்தின் வன்மை கல்வியிற் பிறந்தது. நம்மவருட் சிலரோ அவரது கண்டனத்தை மட்டும் எடுத்துக்கொண்டு கல்வியை விட்டொழித்தனர். அவருள் அடியேனும் ஒருவன்.

சின்னாட் கழித்து அவ்விளைஞரை அழைத்து, கண்டவற்றையெல்லாம் கூறி, "தம்பி, அன்று யான் கூறியது பிழை" என்றேன். அவர் பாட்டியாரது பிரதியை மெல்லப் புரட்டி, "பராபரன் என்றே பாட்டி வேண்டுவார், ஐயா" என்றனர். பதி ஒன்றென்பதும், அதனை அறியும் நெறியில் நமக்கும் அவர்க்கும் வேற்றுமை உண்டென்பதும் அடியேனது அசையாத் துணிபு. அவ்வேற்றுமையைப் பேசுதற்குரியது உண்மையான சொல்லே, நகைப்பன்று. மாணாக்கர்க்குப் பாடஞ் சொல்லும் சைவநன்மக்கள் இதனைக் கடைப்பிடிப்பாராக.